டவுன் சிண்ட்ரோம் ஸ்கிரீனிங்: எந்த வாரத்தில் எந்த டெஸ்ட், ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

கர்ப்பம் உறுதியான சில வாரங்களில் டாக்டர் சீட்டில் 'என்டி ஸ்கேன், டபுள் மார்க்கர்' என்று எழுதித் தருவார். எதற்கு என்று கேட்டால் 'குழந்தை நல்லா இருக்கான்னு பார்க்கத்தான்' என்று பதில் வரும். பொய்யில்லை, ஆனால் அது போதாது. அந்த இரண்டு டெஸ்டும் முதன்மையாகத் தேடுவது டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் மாற்றங்களை. அதுவும் 'இருக்கிறது', 'இல்லை' என்று சொல்வதற்காக அல்ல. வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடுவதற்காக. இந்த ஒரு வேறுபாடு பிடிபடாமல் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் தம்பதிகள்தான் ராத்திரியெல்லாம் தூங்காமல் இணையத்தைத் துழாவுகிறார்கள்.

டாக்டர்கள் இந்த விஷயத்தை அணுகும் முறை இரண்டு படிகளாக இருக்கும். முதலில் எல்லாருக்கும் ஆபத்தில்லாத, எளிய ஒரு சோதனை. அதில் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் உறுதியான சோதனை. முதல் வகைக்கு ஸ்கிரீனிங் என்று பெயர், இரண்டாவது வகைக்கு டயக்னோஸ்டிக் டெஸ்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரக் கணக்கு உண்டு. அந்த வாரம் தவறினால் வழி அடைபடாது, ஆனால் குறுகிவிடும்.

எதைத் தேடுகிறார்கள்

நம் செல்களில் குரோமோசோம்கள் 23 ஜோடி. 21-ஆம் எண் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தால் அது டவுன் சிண்ட்ரோம். ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866-இல் இதை விவரித்து எழுதினார். காரணம் தெரிய 1959 வரை ஆனது. பாரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே ஆகியோர் இருந்த குழுதான் அந்தக் கூடுதல் குரோமோசோமைக் காட்டியது. இந்தக் குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியில் குறைபாடு இருக்கும். எந்த அளவுக்கு என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்கும். தைராய்டு, காது, கண் பிரச்சினைகளும் வரலாம்.

பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21-ஆம் ஜோடி பிரியாமல் ஒட்டிக்கொண்டே வந்துவிடுவதுதான் காரணம். கிரகண நேரத்தில் வெளியே போனது, பப்பாளி தின்றது, வேலைக்கு அலைந்தது எதுவும் இதற்குக் காரணமல்ல. நம் ஊரில் அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி: 'சொந்தத்துல கல்யாணம் பண்ணினதாலயா?' இல்லை. மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டும்போது கூடுவது வேறு வகை மரபணு நோய்கள். பெற்றோர் இருவரும் ஒரே குறையை மறைவாகச் சுமந்தால் வருபவை. 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக வருவதற்கும் சொந்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. மருமகளைப் பழி சொல்லக் காத்திருக்கும் வீடுகளில் இதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிடுவது நல்லது.

தாயின் வயதுக்கு மட்டும் தெளிவான தொடர்பு உண்டு. குழந்தை பிறக்கும்போது தாய்க்கு 25 வயது என்றால் சுமார் 1,300-இல் ஒரு குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். 30 வயதில் சுமார் 900-இல் ஒன்று, 35-இல் 350-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று, 45-இல் 30-இல் ஒன்று.

இதைப் பார்த்ததும் '35 தாண்டினவங்களுக்கு மட்டும் டெஸ்ட் பண்ணினா போதாதா?' என்று தோன்றும். உலகம் முழுவதும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் பிரசவங்களில் பெரும்பகுதி 35-க்குக் கீழே உள்ளவர்களுக்கு நடப்பவை. தனித்தனியாக வாய்ப்பு குறைவானாலும், மொத்தத்தில் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் அதிகம் பேர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள். வயதை மட்டும் வைத்துத் தேடினால் பாதிக்கு மேல் தவறிப்போகும். அதனால் 2007-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம், வயது எதுவானாலும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஸ்கிரீனிங் பற்றிச் சொல்லி, விருப்பம் கேட்க வேண்டும் என்று மாற்றியது. இப்போது இந்தியாவிலும் மகப்பேறு மருத்துவர்கள் இந்த வழியில்தான் போகிறார்கள். '24 வயசுதானே, எனக்கெதுக்கு' என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

முதல் படி: ஆறு முதல் ஒன்பது வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள்

வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு பத்து நாள் முன்பின் போய்விடும். ஆரம்ப ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து வாரத்தைச் சரிசெய்வார்கள். பின்னால் வரும் ரத்தப் பரிசோதனைக் கணக்கு முழுவதும் இந்த வாரத்தின் மேல்தான் நிற்கிறது.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது: மூணு மாசம் முடியும் வரை யாருக்கும் சொல்லக் கூடாது. உறவுக்காரர்களுக்குச் சொல்லாமல் இருங்கள், தப்பில்லை. ஆனால் டாக்டரிடமும் மூன்று மாதம் முடிந்தபிறகுதான் போவது என்று வைத்துக்கொண்டால், முதல் ஸ்கிரீனிங்குக்கான காலம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்வீர்கள்.

இந்த முதல் விசிட்டில் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு. முந்தைய குழந்தைக்கு அல்லது கர்ப்பத்துக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்ததா, அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஆனதா, குடும்பத்தில் யாருக்காவது குரோமோசோம் பிரச்சினை உண்டா, ஐவிஎஃப் மூலம் கருத்தரித்ததா, தானமாகப் பெற்ற கருமுட்டையா, சர்க்கரை நோய் உண்டா. கருமுட்டை தானமாக வந்தது என்றால் கணக்கில் உங்கள் வயது வராது, கொடுத்தவரின் வயதுதான் வரும். உறையவைத்த கரு என்றால் உறையவைத்த காலத்து வயது. மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக இதை மறைத்து ரிப்போர்ட் தப்பாகப் போன கதைகள் உண்டு. அப்படியானால் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், அது சாதாரணக் கோரிக்கைதான்.

அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்கள் இன்னொன்றும் கேட்டு வைக்க வேண்டும். ஸ்கேன் அங்கேயே நடக்கும். ஆனால் ரத்த மார்க்கர் டெஸ்ட் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. எங்கே அனுப்புவார்கள், எப்போது போக வேண்டும் என்பதை அன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்கிரீனிங் கட்டாயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளைவு எதுவானாலும் குழந்தையைப் பெற்றுக்கொள்வோம், அறிந்துகொள்ளவும் விருப்பமில்லை என்று ஒரு தம்பதி முடிவெடுத்தால் அது அவர்கள் உரிமை. அதேபோல, பெற்றுக்கொள்வோம், ஆனாலும் முன்கூட்டித் தெரிந்தால் தயாராகலாம் என்று செய்துகொள்கிறவர்களும் உண்டு. 'கலைப்பதற்காகத்தான் டெஸ்ட்' என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல.

இரண்டாம் படி: 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை

முக்கியமான காலம் இதுதான். கருவின் நீளம் 45 மில்லிமீட்டர் முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் எல்லாக் கருவுக்கும் பிடரித் தோலுக்கு அடியில் கொஞ்சம் நீர் கோத்திருக்கும். அதன் தடிமனை அளப்பதுதான் என்டி ஸ்கேன். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் கிப்ரோஸ் நிக்கோலைடஸின் குழு 1992-இல், இந்த நீர் அதிகமாக இருந்தால் குரோமோசோம் மாற்றத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது என்று எழுதியது. அதற்குப் பிறகுதான் மூன்றாம் மாத ஸ்கேன் இவ்வளவு முக்கியமானது. 14 வாரம் தாண்டினால் அந்த நீர் வடிய ஆரம்பித்துவிடும், அளந்து பயனில்லை.

அளப்பது மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை. குழந்தை பக்கவாட்டில், தலையை நிமிர்த்தாமல், குனியாமல் படுத்திருந்தால்தான் அளவு சரியாக வரும். அது நம் சொல் கேட்குமா? அதனால் 'கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா', 'ஜூஸ் குடிச்சுட்டு வாங்க' என்று வெளியே அனுப்புவார்கள். பதறாதீர்கள். ஐந்து நிமிடத்தில் அளந்து அனுப்புகிற இடத்தைவிட, இரண்டு முறை திருப்பிக் கூப்பிட்டு அளக்கிற இடம்தான் என் கண்ணுக்கு நல்ல சென்டர். என்டி அளப்பதற்கென்று பயிற்சி பெற்றவரா என்று விசாரிப்பதில் தவறே இல்லை.

கூடவே மூக்கெலும்பு தெரிகிறதா, இதய வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறதா என்றும் பார்ப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் பாதிக்கும் மேல் இந்தப் பருவத்தில் மூக்கெலும்பு தெரியாது. ஆனால் எந்தக் குறையும் இல்லாத சில கருக்களிலும் தெரியாமல் இருக்கலாம்.

ஸ்கேனுக்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். அது கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டு பிசிபிஎன்டிடி சட்டப்படி நிரப்ப வேண்டிய 'ஃபார்ம் எஃப்'. ஆணா பெண்ணா என்று சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். குரோமோசோமைப் பார்க்கிற சோதனைகளில் இந்தத் தகவல் லேபுக்குத் தெரிந்தாலும் ரிப்போர்ட்டில் வராது.

ரத்தம் பெரும்பாலும் ஸ்கேன் முடிந்த அன்றே எடுப்பார்கள். அதுதான் டபுள் மார்க்கர். நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் இரண்டு பொருள்களை அளக்கிறார்கள்: பாப்-ஏ, ஃப்ரீ பீட்டா எச்சிஜி. டவுன் சிண்ட்ரோம் கர்ப்பங்களில் சராசரியாகப் பார்த்தால் பாப்-ஏ பாதியாகக் குறைந்தும், பீட்டா எச்சிஜி இரண்டு மடங்காகவும் இருக்கும். லேபில் தரும் படிவத்தில் எடை, வயது, இரட்டைக் குழந்தையா, ஐவிஎஃப்பா, சர்க்கரை உண்டா என்றெல்லாம் கேட்கும். உங்கள் எடையை அன்றே நிறுத்துப் போடுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய எடையைப் போட்டால் கணக்கு மாறும். ஸ்கேன் ரிப்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்கேன் அளவு இல்லாமல் ரத்தத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்குக்கு வலு குறைவு. ஸ்கேன் மட்டும் இருந்தாலும் அப்படித்தான். வயது, ஸ்கேன், ரத்தம் மூன்றும் சேரும்போதுதான் 100 டவுன் சிண்ட்ரோம் கர்ப்பங்களில் சுமார் 90 பிடிபடும்.

தாமதமாக வந்தவர்களுக்கு

14 வாரம் தாண்டிவிட்டதா? 15 முதல் 20 வாரம் வரை குவாட்ரபிள் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நான்கு பொருள்களை அளக்கும். 100-இல் சுமார் 80 பிடிபடும். பழைய டிரிப்பிள் மார்க்கர் இன்னமும் சில லேப்களில் எழுதப்படுகிறது, அதைவிட இது நல்லது. ஏற்கெனவே ஸ்கேனோடு டபுள் மார்க்கர் செய்து லோ ரிஸ்க் வந்தவர்கள் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று குவாட்ரபிளும் எடுக்க வேண்டியதில்லை. தனித்தனியாக இரண்டு ஸ்கிரீனிங் செய்தால் கூடுதலாகப் பிடிபடுவது கொஞ்சம், பொய்யான பயம் அதிகம்.

மூன்றாம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ரிப்போர்ட்டில் 1:180 என்று இருக்கும், பக்கத்தில் சிவப்பில் 'ஹை ரிஸ்க்'. வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிடும்.

1:180 என்றால் என்ன? கல்யாணப் பந்தியில் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாரும் உங்களைப் போலவே ரிப்போர்ட் வாங்கிய கர்ப்பிணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். 179 பேருடைய குழந்தைகளுக்கு இருக்காது. 'ஹை' என்ற வார்த்தை, பொதுவான வாய்ப்பைவிட அதிகம் என்பதைத்தான் குறிக்கிறது.

பல லேப்கள் 1:250-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. அதைவிட வாய்ப்பு கூடினால் ஹை ரிஸ்க். 1:250-க்கும் 1:1000-க்கும் இடையில் வந்தால் இன்டர்மீடியட், அதாவது நடுத்தரம் என்று தனியாகப் பிரித்துப் பார்க்கும் டாக்டர்களும் உண்டு. அதற்கும் கீழே லோ ரிஸ்க். எல்லையைச் சில இடங்களில் வேறாகவும் வைப்பார்கள். ஆகவே வண்ணத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். 1:245-க்கும் 1:255-க்கும் நடைமுறையில் வித்தியாசமே இல்லை, ஆனால் ஒன்று சிவப்பிலும் மற்றது பச்சையிலும் அச்சாகி வரும்.

மொத்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 10,000 கர்ப்பிணிகள், அவர்களில் 10 பேருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று வைப்போம். ஸ்கேனும் டபுள் மார்க்கரும் சேர்ந்து 9 பேரைப் பிடிக்கும். இந்த டெஸ்டில் பொதுவாக 5 சதவீதம் பேருக்குக் காரணமில்லாமலே ஹை ரிஸ்க் வரும். அது சுமார் 500 பேர். ஆக ஹை ரிஸ்க் என்று கேட்டுக் கலங்குகிற 509 பேரில் 9 பேருக்குத்தான் உண்மையில் இருக்கிறது. இன்னொரு பக்கம், லோ ரிஸ்க் வாங்கி நிம்மதியாகப் போன 9,491 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. டெஸ்ட் தப்பு என்று அர்த்தமில்லை, ஸ்கிரீனிங்கின் இயல்பே இதுதான்.

ரிப்போர்ட்டில் 'எம்ஓஎம்' என்று ஒரு பத்தி இருக்கும். அதே வாரத்தில் உள்ள கர்ப்பிணிகளின் நடு அளவை 1 என்று வைத்து, உங்கள் அளவு அதற்கு எத்தனை மடங்கு என்று காட்டுவது. பாப்-ஏ 0.4, பீட்டா எச்சிஜி 2.3 என்று பார்த்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். எல்லாம் சேர்ந்த கடைசி எண்தான் பேசும். ஆனால் ஒன்று: டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு குறைவாக வந்தும் பாப்-ஏ மட்டும் மிகக் குறைவாக இருந்தால் டாக்டர் அதைக் கவனிப்பார். பின்னால் ரத்த அழுத்தம் ஏறுவதற்கும் குழந்தையின் எடை குறைவதற்கும் அது ஒரு முன்குறிப்பாக இருக்கலாம்.

ஹை ரிஸ்க் வந்தால் உடனே செய்ய வேண்டியது, படிவத்தில் கொடுத்த விவரங்களைச் சரிபார்ப்பது. பிறந்த தேதி, எடை, ஸ்கேன் தேதி, கருவின் நீளம், குழந்தைகள் எத்தனை என்பவற்றில் ஒன்று தப்பாக ஏறியிருந்தாலும் எண் மாறும். தவறு இருந்தால் அதே ரத்த அளவுகளை வைத்து லேபில் மறுகணக்குப் போட்டுத் தருவார்கள். விவரங்கள் எல்லாம் சரி என்றால் அதே டெஸ்டை வேறு லேபில் திரும்ப எடுப்பதால் பயனில்லை, நாள்தான் போகும்.

நான்காம் படி: என்ஐபிடி யாருக்கு

ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோவின் குழு 1997-இல், கர்ப்பிணியின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ துணுக்குகள் மிதக்கின்றன என்று காட்டியது. அதை வைத்து 2011 முதல் வணிகரீதியில் வந்த சோதனைதான் என்ஐபிடி. 10 வாரம் முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். தாயின் கையில் எடுக்கும் ரத்தம் மட்டும் போதும். டவுன் சிண்ட்ரோமை 100-க்கு 99 வரை பிடிக்கும், பொய்யாகப் பயம் காட்டுவது 1,000-இல் ஒன்று அளவில்தான். விலை டபுள் மார்க்கரைப் போலப் பல மடங்கு. முடிவு வர ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகலாம்.

இவ்வளவு நல்ல டெஸ்ட் என்றால் எல்லாருக்கும் இதையே செய்யலாமே? வசதி இருப்பவர்கள் செய்கிறார்கள். பல டாக்டர்கள் நடுத்தர ரிஸ்க் வந்தவர்களுக்கும், ஹை ரிஸ்க் வந்தும் உறுதிப் பரிசோதனைக்காக வயிற்றில் போடும் ஊசிக்குத் தயங்குகிறவர்களுக்கும் இதை அடுத்த படியாக வைக்கிறார்கள். ஆனால் இதுவும் ஸ்கிரீனிங்தான். விளம்பரங்களில் '99 சதவீதம் துல்லியம்' என்று போடுவதைப் பார்த்து, பாசிட்டிவ் வந்தால் 99 சதவீதம் உறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. வாய்ப்பு 1,000-இல் ஒன்று உள்ள இளம் பெண்கள் ஒரு லட்சம் பேர் செய்தால், டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 கர்ப்பங்களில் 99 பாசிட்டிவ் வரும். இல்லாதவர்களிலும் ஏறக்குறைய 100 பேருக்குப் பாசிட்டிவ் வரும். ஆக பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் உண்மையில் இருக்கிறது. 40 வயதுப் பெண்களிடம் இதே கணக்கைப் போட்டால் பாசிட்டிவ் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு உண்மையாக இருக்கும்.

காரணம் எளிது: ரத்தத்தில் மிதக்கும் அந்த டிஎன்ஏ நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. சில சமயம் நஞ்சுக்கொடியில் மட்டும் மாற்றம் இருக்கும், குழந்தைக்கு இருக்காது. இரட்டையாகத் தொடங்கி ஒன்று கரைந்துபோன கர்ப்பங்களிலும் ஏமாற்றும். உடல் எடை அதிகமுள்ளவர்களுக்குக் கருவின் டிஎன்ஏ போதிய அளவு கிடைக்காமல் 'முடிவு சொல்ல முடியவில்லை' என்று திரும்பி வரலாம். அதை 'நார்மல்' என்று நினைத்து ஃபைலில் வைத்துவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு விஷயத்தில் அனுபவமுள்ள டாக்டர்கள் கறாராக இருப்பார்கள். என்டி அளவு 3.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஸ்கேனிலேயே குழந்தையின் உறுப்பில் குறை தெரிந்தாலோ, என்ஐபிடியை விட்டுவிட்டு நேராக உறுதிப் பரிசோதனைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே டவுன் சிண்ட்ரோம் மட்டும் சந்தேகமில்லை. என்ஐபிடி பார்க்காத வேறு குரோமோசோம் கோளாறுகளும், இதயக் குறைகளும் இருக்கலாம்.

ஐந்தாம் படி: உறுதிசெய்யும் சோதனை

இரண்டு வழி. 11 முதல் 14 வாரத்துக்குள் என்றால் நஞ்சுக்கொடியிலிருந்து துளியளவு திசு எடுப்பது. சிவிஎஸ் என்று எழுதுவார்கள். 15 வாரம் முடிந்தபின் என்றால் பனிக்குட நீரில் 15 முதல் 20 மில்லி எடுப்பது, ஆம்னியோ. இரண்டுமே பொதுவாக ஸ்கேனில் பார்த்தபடியே வயிற்றின் வழியாக ஊசி செலுத்திச் செய்வது. ஆம்னியோவை 15 வாரத்துக்கு முன் செய்வதில்லை. கருச்சிதைவும் குழந்தைக்குக் கால் வளைவும் கூடுவதாகத் தெரிந்த பிறகு நிறுத்திவிட்டார்கள்.

'ஊசி குழந்தையைக் குத்திடாதா?' என்பது எல்லாரும் கேட்பது. ஊசி முனை எங்கே இருக்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டேதான் செய்கிறார்கள். பயப்பட வேண்டியது கருச்சிதைவுக்கு. அந்த வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று பழைய புத்தகங்கள் சொல்லும். கைதேர்ந்தவர்கள் செய்யும் இடங்களில் இப்போது அது 1,000-இல் ஒன்று முதல் மூன்று வரை என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. செய்கிறவரின் கைப்பழக்கம் இதில் பெரிய விஷயம். மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போவதற்கு முன் உங்கள் ரத்த வகை ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். நெகட்டிவ் குரூப் என்றால் அன்றே ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும். சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதன் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும் என்று பிசிபிஎன்டிடி சட்டமே சொல்கிறது. தமிழில் கேட்டு வாங்குங்கள். முடிந்ததும் அரைமணி, ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார வைத்து, ஸ்கேனில் குழந்தையின் துடிப்பைக் காட்டி அனுப்புவார்கள். ஓரிரு நாள் கனமான வேலை வேண்டாம். நீர் கசிவு, ரத்தம் படுதல், காய்ச்சல், விடாத வயிற்றுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முடிவு இரண்டு தவணையாக வரும். 13, 18, 21, எக்ஸ், ஒய் குரோமோசோம்களை மட்டும் பார்க்கும் விரைவுச் சோதனை இரண்டு மூன்று நாளில். எல்லாக் குரோமோசோம்களையும் படம்பிடித்து வரிசைப்படுத்தும் கேரியோடைப், செல்களை வளர்க்க வேண்டியிருப்பதால் இரண்டு மூன்று வாரத்தில்.

ஐந்தாம் மாத ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக

18 முதல் 20 வாரத்தில் செய்யும் அனாமலி ஸ்கேன் இந்த வரிசையில் டவுன் சிண்ட்ரோமுக்கென்று வைத்த டெஸ்ட் அல்ல. உறுப்புகளைப் பார்ப்பதற்கானது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் கணிசமானோர் இந்த ஸ்கேனில் எந்தக் குறையும் இல்லாமலே தெரிவார்கள். ஆகவே 'அஞ்சாம் மாச ஸ்கேன் நார்மல், எல்லாம் சரி' என்று முந்தைய ஹை ரிஸ்க்கைத் தள்ளிவிட முடியாது. மறுபுறம், இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்று எழுதி வந்தால், அது மட்டுமே இருந்து, முந்தைய ஸ்கிரீனிங்கும் லோ ரிஸ்க் என்றால், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பிடரித் தோல் தடிப்பு, மூக்கெலும்பு சிறியதாக இருப்பது, இதயக் குறை ஆகியவை கனமான அறிகுறிகள். அவை இருந்தால் மறுபடி பேச வேண்டும்.

ஆறாம் படி: உறுதியானால்

இந்த இடத்தில் டாக்டரின் வேலை தகவல் தருவது; முடிவு உங்களுடையது. 'வேண்டாம்னு சொல்லிடுங்க' என்றோ 'எப்படியாவது பெத்துக்குங்க' என்றோ தள்ளுகிறவரிடம் இருந்தால் இன்னொருவரைப் பாருங்கள். மரபியல் ஆலோசகர் இருக்கும் மையத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

சட்ட நிலவரம் இது. 2021-இல் திருத்தப்பட்ட எம்டிபி சட்டப்படி, அதாவது கருக்கலைப்புச் சட்டப்படி, கர்ப்பத்தைக் கலைக்க 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும். கருவுக்குக் கடுமையான குறைபாடு இருக்கும் ஆபத்து அதில் வரும் காரணங்களில் ஒன்று. 24 வாரத்துக்கு மேல், கருவில் பெரிய குறைபாடு என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால் மட்டும். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் ஒன்றே சட்டத்துக்குப் போதும். கணவர் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. முதல் ஸ்கிரீனிங்கை 12 வாரத்திலேயே முடிக்கச் சொல்வதன் அவசரம் இங்கே புரியும்: 19 வாரத்தில் குவாட்ரபிள், 20-இல் ரிப்போர்ட், 21-இல் ஆம்னியோ என்று போனால், கேரியோடைப் கைக்கு வரும்போது யோசிக்க நாளே மிஞ்சாது.

தொடர்வது என்று முடிவெடுத்தவர்களுக்கும் மருத்துவத்தில் செய்ய நிறைய இருக்கிறது. குழந்தையின் இதயத்தைத் தனியாகப் பார்க்கும் ஃபீட்டல் எக்கோ எடுப்பார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் பிரசவத்தைத் திட்டமிடுவார்கள். பிறந்தபின் தைராய்டு, செவித்திறன் பரிசோதனை, சீக்கிரமே தொடங்கும் இயன்முறை, பேச்சுப் பயிற்சி. குழந்தைகள் உடல்நலத்துக்கான அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் இயங்கும் ஆரம்பகால இடையீட்டு மையங்களில் டவுன் சிண்ட்ரோமும் கவனிக்கப்படும் நிலைகளில் ஒன்று. சென்னையில் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையை வளர்க்கும் ஒரு பெற்றோரிடம் முடிவெடுக்கும் முன்பே ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். டாக்டருக்குத் தெரியாத பல விஷயங்கள் அவர்களுக்குத் தெரியும். 1980-களில் அமெரிக்காவில் சராசரி ஆயுள் 25 வயதை ஒட்டி இருந்தது, இப்போது 60-ஐத் தொட்டிருக்கிறது; இதய அறுவை சிகிச்சைகள் அதில் பெரும்பங்கு.

அடுத்த கர்ப்பத்துக்கு முன்

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறந்திருந்தாலோ, கர்ப்பத்தில் உறுதியாகியிருந்தாலோ, அந்தக் கேரியோடைப் ரிப்போர்ட்டின் அசலைப் பத்திரமாக வையுங்கள். அதில் வகை எழுதியிருக்கும். நூற்றில் சுமார் 95 பேருக்கு 21-ஆம் குரோமோசோம் தனியாக மூன்று இருக்கும். அப்படியென்றால் அடுத்த முறை மறுபடி வரும் வாய்ப்பு இளம் தாய்க்குச் சுமார் 1 சதவீதம், வயது கூடினால் வயதுக்குரிய அளவு. சிலருக்குக் கூடுதல் 21 வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அந்த வகை என்றால் கணவன் மனைவி இருவருக்கும் ரத்தத்தில் கேரியோடைப் செய்ய வேண்டும். தாய் அதைச் சுமப்பவராக இருந்தால் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம் வரை போகும், தந்தை என்றால் மிகக் குறைவு. மூத்த குழந்தையின் ரிப்போர்ட் தொலைந்திருந்தால், அந்தக் குழந்தைக்கு மறுபடி ரத்தம் எடுத்துச் செய்துகொள்ளலாம். அடுத்த கர்ப்பம் நிற்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் ரிப்போர்ட் வருவதற்குள் சிவிஎஸ் செய்யும் வாரம் கடந்துவிடும்.